கொக்கிப் பல்

என் மாமா கை ஓங்கி நான் பார்த்ததே இல்லை. ஓங்குவதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை கிடையாது. அடி விழுந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதே நமக்குத் தெரியவரும். கன்னத்தைத் தடவிக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று பிறகு யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மாவின் அண்ணன். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் இருந்தார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது; வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவைவிட்டுப் போகவில்லை. மாமாவுக்குக் கவ்வாத்து வேலை. செடியில் கொழுந்து குறைந்துபோனால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வெட்டிய மலையைப் பார்த்தால் தீப்பிடித்து அணைந்ததுபோல் இருக்கும். சில மாதத்தில் வெட்டிய இடமெல்லாம் துளிர்த்துவிடும். மற்றவர்கள் இரண்டு மூன்று வெட்டில் சாய்க்கும் கிளையை மாமா ஒரே வெட்டில் சாய்ப்பார். கங்காணி புது ஆட்களைக் கூட்டிவந்து அந்த வெட்டைக் காட்டி, இப்படி வெட்டப் படியுங்கள் என்பார். மலையில் எடுத்த அந்தப் பேரை மாமா லயத்திலும் காப்பாற்றிக்கொண்டார்.

தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஒருநாள் ஒருவர் முறை தவறிக் குடத்தை நீட்டிவிட்டார். மாமா அந்தக் குடத்தைப் பிடுங்கி, அதாலேயே அவர் காதோடு சேர்த்து அடித்தார். அந்த மனிதருக்குக் கடைசிவரை அந்தக் காது கேட்கவில்லை. அத்தையை அடித்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அங்கே அடி விழுந்தால் இங்கே எங்கள் அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவரை நல்லவராக்கிக் காட்டும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் என் வாயில் இன்றைக்கும் ஒரு பல் ஆடாமல் இருக்கிறது. அது இருப்பதற்கு அந்த மனிதர்தான் காரணம். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு ஒரே மகன், ராசு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். முறைப்படி என்னைக் கட்டிக்கொள்ள வேண்டியவன் என்று கொழுந்துக்குப் போகும் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அழுகையாக வரும். அவனுக்குப் பால்பல் விழுந்து மேலே முன்பல் முளைத்தது. முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணப் பல். வாயை அண்ணாந்து திறந்தால்தான் தெரியும், அதன் முதுகிலிருந்து பூனை நகம் மாதிரி வளைந்து ஒரு கொம்பு கிளம்பியிருந்தது. கீழ்ப்பல் அதில் போய் இடித்தது. நாக்கு அதில் உரசிப் புண்ணானது. கொம்புக்கு இரண்டு பக்கமும் இருந்த இடுக்கில் சோறு அடைத்துக்கொண்டு வாய் நாறியது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கொக்கிப்பல்லன் என்று பேர் வைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தாலே அழுதான்.

மாமா அந்த அழுகையைக் கொஞ்ச நாள்தான் பொறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவ்வாத்துக் கத்திக்குக் கூர் வைக்கும் அரத்தை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். அத்தை வேண்டாம் என்றாள். அவளுக்கு ஓர் அறை விழுந்தது. பிறகு பொறுமையாகவே விளக்கம் சொன்னார்.

"வெட்டுனாத்தான் நேராத் துளிர்க்கும். பல்லும் அப்பிடித்தான். விழுந்த பல்லு மறுபடி மொளைக்கலையா?"

இப்போது கேட்டால் சிரிப்பு வரலாம். அன்றைக்கு அந்த லயத்தில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. வெட்டிய செடியில் துளிர்த்த கொழுந்தைக் கிள்ளித்தான் நாங்கள் எல்லோரும் சோறு தின்றோம். வெட்டினால் நல்லதாக வரும் என்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. பால்பல் வேறு, அடுத்து வரும் பல் வேறு, இது போனால் போனதுதான் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. என் அப்பா ராசுவின் காலைப் பிடித்துக்கொண்டார். மாமா அவன் தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அராவினார். அவருக்கே உரிய வேகத்தில், நிறுத்தாமல் அராவினார். ராசு கத்திய கத்தலில் கோடிக் காம்பரா ஆட்கள்கூட வெளியே வந்தார்கள். கடைசியில் கொம்பு போய்விட்டது. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. மாமா அவன் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, திருப்தியாக வெற்றிலை போட்டார்.

சிவப்பாகத் தெரிந்தது நரம்பு. அது வழியாகச் சீழ் பிடித்தது. உதடு வீங்கி, கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா காய்ச்சல் மருந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேயிலை லொறியைக் கேட்டுக்கொண்டு வந்தபோது ராசு எங்கள் அத்தையின் மடியில் செத்துக் கிடந்தான்.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அத்தை அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துவந்து மாமாவின் நெற்றியில் அடித்தாள். மறுபடி அடித்தாள். கட்டை உடைந்ததும் கையால் அடித்தாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். யாரும் விலக்கவில்லை, என் அம்மாகூட விலக்கவில்லை. காரியம் முடிந்ததும் அத்தை டிக்கோயாப் பக்கத்திலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவேயில்லை.

இது நடந்து மூன்று வருடம் கழித்து என் வாயில் அதே பல் முளைத்தது.

முதலில் கண்டது அம்மாதான். பல் விளக்கிவிடும்போது விரலில் தட்டியது. வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்து பார்த்தவள், அப்படியே வாயை மூடிவிட்டாள். மாமா முன்னால் சிரிக்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, வாயைத் திறந்து தின்னக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டாள். அவளுக்குப் பல்லைப் பற்றிய பயத்தைவிட அண்ணனைப் பற்றிய பயம்தான் பெரிது. ராசுவின் கதி எனக்கு வந்துவிடுமோ என்று அவள் உறக்கமில்லாமல் கிடந்தாள். நானும் அந்த அரத்தை நினைத்து நினைத்துப் பயந்தேன்.

ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும்? ஒரு பொங்கலன்று இஸ்தோப்பில் உட்கார்ந்து பொரியை மேலே வீசி வாயில் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தது தெரியவில்லை. தாடையை ஒரு கை பிடித்தது. வலியில் வாய் தானாகத் திறந்தது. அவர் உள்ளே பார்த்தார். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, எம் புள்ளை மேல கைய வச்சே, ஒன்னை வெட்டிப்புடுவேன்."

மாமா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் காம்பராவுக்குள் போனார். அரத்தோடு வந்தார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவர் அந்த அரத்தை அம்மிக்கல்லில் வைத்து, பக்கத்திலிருந்த குழவியால் அடித்தார். அரம் துண்டு துண்டாக உடைந்தது. உடைந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். அம்மியின் ஓரமும் பெயர்ந்துவிட்டது. கடைசியில் கையிலிருந்த குழவியைக் கீழே போட்டுவிட்டு, சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைத் தோளில் தூக்கி டிஸ்பென்சரிக்கு நடந்தார்.

டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, பிடுங்கி எறிந்துவிடலாம் என்று குறட்டைக் கையில் எடுத்தார். குறடு சன்னல் வழியாக வெளியே பறந்தது. ஐயாவும் பறந்திருப்பார்; மேசை நடுவில் இருந்ததால் தப்பித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொல்லி எங்களை அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் சிங்களவர், சின்ன வயது, கண்ணாடி போட்டவர். அவர் பேசுவதை ஒரு தமிழ் அட்டெண்டன் எங்களுக்குத் தமிழில் சொல்வார். டாக்டர் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை என் வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விளக்கினார். இது நல்ல பல், பிடுங்கக் கூடாது. இந்தக் கொம்புக்குள் நரம்பு ஓடுகிறது. ஒரேயடியாக அராவினால் நரம்பு வெளியே வந்துவிடும், சீழ் பிடிக்கும், பிள்ளை உயிருக்கே ஆபத்து. கொஞ்சமாக அராவி மருந்து தடவி விட்டுவிட வேண்டும். மாதக் கணக்கில் இடைவெளி விட்டு, மறுபடி கொஞ்சம். அதற்குள் உள்ளே நரம்பு பின்வாங்கி, முன்னால் ஒரு மதில் கட்டிக்கொள்ளும். இரண்டு பக்க இடுக்கையும் சிமெந்து மாதிரி ஒரு மருந்தால் அடைக்கலாம். அதுவரை அங்கே ஒரு பருக்கை தங்கக் கூடாது, இனிப்பு ஆகவே ஆகாது.

அட்டெண்டன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரேயடியாக என்ற இடம் வந்ததும் தலை ஆடுவது நின்றது. டாக்டர் ஒரு சின்ன அரத்தை எடுத்து என் பல்லில் வைத்தார். கர் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், டாக்டர் தட்டோடும் சாமான்களோடும் தரையில் கிடந்தார். கண்ணாடி உடைந்து, உதடு கிழிந்து, வெள்ளைக் கோட்டில் ரத்தம் வடிந்தது. ஆட்கள் ஓடிவந்து மாமாவை நடைக்கு இழுத்துப்போட்டு மிதித்தார்கள். அவர் திருப்பி ஒரு கை நீட்டவில்லை. எனக்கு அப்போது அவர் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. நான் நாற்காலியிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டேன்.

டாக்டர் போலீசைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு அட்டெண்டனிடம் இரண்டே விஷயம் சொன்னார். பிள்ளையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். இந்த ஆள் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

அடுத்த முறை தான் கூட்டிப்போவதாக அப்பா சொன்னார். அதற்கு அவருக்கும் ஒன்று விழுந்தது. அம்மா மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, உன் கையால் ஒன்றைக் கொன்றது போதாதா, டாக்டரையும் கோபப்படுத்தி இதையும் கொல்லப் போகிறாயா என்று அழுதாள். அப்படிப்பட்ட வார்த்தைக்கு அவர் என்ன செய்வார் என்று நாங்கள் நடுங்கினோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த ஆளு எப்பிடி அராவுறாருன்னு நான் பாக்கணும். அவ்வளவுதான்."

அடுத்த முறை போகும்போது கொழுந்துக் கூடைக் கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பல் அறைக்கு எதிரே நடையில் ஒரு தூண் உண்டு. அறைக் கதவைத் திறந்து வைத்தால் நாற்காலி அங்கிருந்து தெரியும். தூணோடு முதுகை ஒட்டி நின்று, கைகளைப் பின்னால் கொடுத்து, கயிற்றை அட்டெண்டனிடம் நீட்டினார்.

"என்னைய இதுல கட்டிப் போடுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

அட்டெண்டன் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டச் சொன்னார். காத்திருந்த நோயாளிகள் பைத்தியம் என்று விலகிப் போனார்கள். அரம் என் பல்லைத் தொட்டதும் நடையில் கயிறு முறுகும் சத்தம் கேட்டது. டாக்டர் இழுக்கும் ஒவ்வோர் இழுப்புக்கும் அவரும் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி உறுமினார். எனக்கு வாயில் வலித்ததைவிட அந்த உறுமல்தான் பயமாக இருந்தது. அவிழ்த்துவிட்டபோது மணிக்கட்டு இரண்டும் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. டாக்டர் வந்து அதில் மருந்து தடவினார். தான் அடித்த கையைப் பிடித்து மருந்து போடுகிறவரை மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். பழைய தழும்பு மறைவதற்குள் அடுத்த தடவை வந்துவிடும்.

இடைப்பட்ட மாதங்களில் என் பாடு பெரும்பாடு. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியில் சீனி போட மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். ஒருநாள் அப்படி நக்கும்போது மாமா தட்டிவிட்ட தட்டில் என் மணிக்கட்டு பிசகிவிட்டது. கடைக்காரர் ஆசையாக எனக்கு ஒரு தேங்காய் மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் போத்தல் அவர் தலைக்கு மேலே சுவரில் சிதறியது. சோறு தின்றால் அவரே என் கழுத்தைப் பிடித்துப் பீலிக்குக் கொண்டுபோய்க் கொப்பளிக்க வைப்பார். பழைய வேட்டித் துணியைச் சன்னமாகத் திரித்து, பல்லின் இடுக்கில் விட்டுத் துடைப்பார். கிளையை ஒரே வெட்டில் சாய்க்கும் அந்தக் கை அதை மட்டும் மெதுவாகச் செய்தது. அந்த நேரத்தில் அவர் மூச்சுக்கூட விடமாட்டார். அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடிக்கும். துணியை எடுத்த மறுநிமிடம் பயம் வந்துவிடும்.

இது ரத்த உறவில் வரும், மற்றப் பிள்ளைகளுக்கும் புதுப்பல் முளைக்கும்போதே வாயைப் பாருங்கள், வித்தியாசமாக எது இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் ஒருமுறை பொதுவாகச் சொல்லிவைத்தார். சொன்னது தப்பாகப் போயிற்று. மாமா அதைத் தோட்டம் முழுவதற்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்தில், தாயோடு வந்த பிள்ளைகளைப் பிடித்து வாயைப் பிளந்து பார்த்தார். கடித்த பிள்ளைக்கு அறை விழுந்தது. தடுத்த தகப்பனுக்கும் விழுந்தது. அவரைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை முந்தானைக்குள் மறைத்தார்கள். ஆனால் மேல்லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு பல் ஒன்றாக ஒட்டி முளைத்திருந்ததையும், நடுவில் இருந்த கோட்டில் கறுப்புப் பிடித்திருந்ததையும் அவர்தான் கண்டார். பால்பல்தானே, விழுந்துவிடும் என்றார் அதன் தகப்பன். மாமா அவரைப் பிடரியில் தள்ளிக்கொண்டே பஸ் ஏற்றினார். அந்தப் பல்லுக்கும் டாக்டர் மருந்து அடைத்து அனுப்பினார். கீழே வரப்போகும் பல் ஒழுங்காக வர அது உரிய நாள்வரை இருக்க வேண்டும் என்றார். அந்தத் தகப்பன் மாமாவோடு சாகும்வரை பேசவில்லை.

என் பல்லில் கடைசியாக வேலை நடந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் என் நாக்கை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். இடிக்க ஒன்றுமில்லை. கீழ்ப்பல்லும் மேல்பல்லும் சரியாகப் பொருந்தின. நரம்பு பத்திரமாக இருக்கிறது, இனி வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார். நான் ஓடிப்போய் மாமாவிடம் வாயைக் காட்டினேன். கயிற்றை அவிழ்த்ததும் அவர் தன் விரலை விட்டுப் பல்லின் முதுகைத் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அட்டெண்டனிடம் கேட்டார்.

"எம் பையனுக்கும் இதே பல்லுதான். நான் ஒரே நாள்ல அராவிப்புட்டேன். இவரு செஞ்ச மாதிரி மெதுவாச் செஞ்சிருந்தா அவன் இருந்திருப்பானான்னு கேட்டுச் சொல்லுங்க."

அட்டெண்டன் தயங்கினார். பிறகு டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அதுவரை ராசுவைப் பற்றித் தெரியாது. மெல்ல ஏதோ சொன்னார். எனக்கு அப்போது கடைத்தெருச் சிங்களம் கொஞ்சம் தெரியும். அவர் சொன்னது கஷ்டமான பேச்சு இல்லை. இருந்திருப்பான், இது சாகிற நோய் இல்லை என்றுதான் சொன்னார்.

அட்டெண்டன் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.

"அது வேற மாதிரிப் பல்லாம், அண்ணாச்சி. யாரு பாத்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுங்கிறாரு."

மாமா அட்டெண்டனை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சின்னப் பொய்க்குக்கூட ஆளின் கன்னத்தைப் பழுக்க வைக்கிறவர் அவர். ஆனால் அட்டெண்டனையும் கும்பிட்டார். சரிங்க, நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்து, படியிறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. மாமா, டாக்டரு அப்பிடிச் சொல்லலை என்று ஆரம்பித்தேன். அவர் கை வந்து என் வாயை மூக்கோடு சேர்த்துப் பொத்தியது. மூச்சு முட்டியது. நான் திமிறினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேசாம இரு. ஆத்தங்கரையில சிங்களக் கிராமத்தாளுங்களோட எத்தனை வருசம் சண்டை போட்டிருக்கேன். எனக்குத் தெரியாத சிங்களமா?"

மூக்கை மட்டும் விட்டார். பஸ் வரும்வரை என் வாயிலிருந்து அந்தக் கையை எடுக்கவில்லை.